புதுப்பித்த கேமரா வாங்கலாமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதத்தில்தான் திருநெல்வேலி, பாளை, அம்பை, வள்ளியூர் ஸ்டுடியோக்களில் கேமரா மாற்றும் பேச்சு எழும். ஆவணி பிறப்பதற்குள் இரண்டாவது பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) வேண்டும், புதிது வாங்கக் கை கடிக்கிறது, ‘ரீஃபர்பிஷ்டு’ என்று ஒன்று குறைந்த விலைக்கு வருகிறதே, எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ரீஃபர்பிஷ்டு என்றால் சரியாக என்ன பொருள்? செகண்ட் ஹேண்டும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆனால் சந்தையில் ஒன்றைப் போலவே விற்கிறார்கள். ரீஃபர்பிஷ்டு என்று விற்பவற்றில் முதல் வகை, தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கி, தன் பட்டறையில் சோதித்து, தன் உதிரிபாகங்களைப் போட்டு, தன் வாரண்டியோடு விற்பது. இரண்டாவது, ஒரு வியாபாரி பழைய கேமராவை வாங்கி, சுத்தம் செய்து, தேவையானதைச் சரிபார்த்து, கடை வாரண்டி கொடுப்பது. மூன்றாவது, பெட்டி மட்டும் பிரிக்கப்பட்ட ‘ஓபன் பாக்ஸ்’. ஒருவர் பயன்படுத்திவிட்டு அப்படியே கைமாற்றுவதுதான் செகண்ட் ஹேண்ட். அதில் யாரும் எதையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, “யார் புதுப்பித்தது, என்னென்ன செய்தார்கள், அதை பில்லில் எழுதித் தருவீர்களா?” என்பதுதான். “எல்லாம் செக் பண்ணியாச்சு” என்று வாயால் சொல்வதோடு நின்றுவிட்டால், அதைச் செகண்ட் ஹேண்ட் விலைக்குத்தான் பேச வேண்டும்.

கம்பெனிக்கு இந்தக் கேமராக்கள் எங்கிருந்து திரும்பி வருகின்றன?

வாங்கிச் சில நாளில் மனம் மாறித் திருப்பியவை, பெட்டியைத் திறந்ததும் கோளாறு தெரிந்தவை, கூரியரில் அடிபட்டவை, கண்காட்சியிலும் கடை மேசையிலும் காட்சிக்கு இருந்தவை, பத்திரிகையாளர்களுக்கும் தொழில்முறைப் படக்காரர்களுக்கும் இரவலாகப் போய் வந்தவை. நீண்ட நாள் உழைத்துத் தேய்ந்த கேமரா இந்த வழியில் வருவது குறைவு. கம்பெனி புதுப்பித்ததற்குச் சந்தையில் மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனியார் விற்கும் ‘ரீஃபர்பிஷ்டு’ பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சில் வந்தது. அது உழைத்த கேமராவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டறையில் என்னதான் செய்கிறார்கள்?

கேமரா வந்ததும் வரிசை எண்ணைப் பதிந்து, அது முன்பு எப்போதாவது சர்வீஸுக்கு வந்ததா, திரும்ப அழைக்கப்பட்ட தொகுதியில் உள்ளதா என்று பார்ப்பார்கள். திருகுகளின் தலையில் பிளவோ தேய்வோ இருந்தால், வெளியாள் திறந்திருக்கிறார் என்று பொருள். ஜப்பானியக் கேமராக்களின் திருகுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணப் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். நீங்கள் பழைய கேமரா பார்க்கும்போதும் அடிப்பக்கத் திருகுகளைத்தான் முதலில் பாருங்கள்.

பிறகு யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, சர்வீஸ் மென்பொருளால் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை ஓடியது, உள்ளே என்னென்ன பிழைக் குறியீடுகள் பதிவாகியிருக்கின்றன என்று எடுப்பார்கள். ஷட்டரை வேகச் சோதனைக் கருவியில் வைத்து ஒவ்வொரு வேகத்திலும் திரைகள் சீராக ஓடுகின்றனவா என்று அளப்பார்கள். 1/4000, 1/8000 போன்ற வேகங்களில் திரை கொஞ்சம் தடுமாறினாலும் படத்தின் ஒரு ஓரம் இருட்டும். சீரான ஒளிப்பலகையைப் படமெடுத்து எக்ஸ்போஷரும் வண்ணச் சமநிலையும் சரிபார்ப்பார்கள்.

படத்தைப் பதியும் சென்சாரைச் சுத்தம் செய்து, கெட்ட புள்ளிகளின் முகவரியைக் கேமராவின் நினைவகத்தில் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் புள்ளி வரும் இடத்தைப் பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பைக் கொண்டு கேமராவே நிரப்பிக்கொள்ளும். பிடி ரப்பர், திரைமேல் கண்ணாடி, கதவுத் தகடுகள், தேவைப்பட்டால் மேல்மூடி ஆகியவற்றை மாற்றுவார்கள். உடலைத் திறந்திருந்தால் தூசி, ஈரம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டைகளும் புதிதாகப் போட வேண்டும். கடைசியாகக் கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பழைய அமைப்புகளை அழித்துப் பெட்டியில் இடுவார்கள்.

இவற்றில் கண்ணுக்குத் தெரிவது ரப்பரும் மூடியும்தான். தனியார் கடைகள் கவனம் செலுத்துவதும் பெரும்பாலும் அங்கேதான். படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் வேலை உள்ளே நடக்கிறது.

ஃபோகஸ் சரிபார்ப்பை நம்மூர் மெக்கானிக்கே செய்ய முடியாதா?

நல்ல கைவேலைக்காரர் இருக்கலாம். ஆனால் இங்கே கையைவிட அளவுகோல்தான் முக்கியம்.

லென்ஸ் வந்து பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸ் பொருத்தும் முறை) இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டது. கேனான் ஈஎஃப் 44 மி.மீ., நிக்கான் எஃப் 46.5 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., சோனி ஈ 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. இந்தத் தூரம் எவ்வளவு பிசகலாம்? 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 என்ற அகலத் திறப்பில் வைத்தால், பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃப்ரேமில் ஃபோகஸ் தாங்கும் ஆழம் முன்பின் சுமார் 0.05 மி.மீ.தான். தலைமுடியின் கனம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

சென்சார் தகடு மூன்று இடங்களில் திருகப்பட்டிருக்கும். சில மாடல்களில் அந்த மூன்று இடத்திலும் திருகோடு ஸ்பிரிங் இருக்கும். வேறு சிலவற்றில் மிக மெல்லிய உலோக வளையங்கள் இருக்கும், அவற்றின் கனத்தை மி.மீ.யில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கில் தேர்ந்தெடுத்துப் போட்டிருப்பார்கள். சென்சாரைத் துடைக்கவோ பலகையை மாற்றவோ திறந்தவர் இந்த மூன்றையும் கழற்றி, எந்த வளையம் எங்கே இருந்தது என்று குறிக்காமல் திரும்ப முடுக்கினால், சென்சார் ஒரு மூலையில் சாய்ந்துவிடும். அதன்பின் மேடையில் நிற்கும் குடும்பத்தில் இடது ஓரத்தில் நிற்பவர் கூர்மையாகவும் வலது ஓரத்தில் நிற்பவர் மசங்கியும் வருவார்கள். லென்ஸை மாற்றிப் பார்த்தாலும் போகாது. கம்பெனிப் பட்டறையில் இதை அளவுக் கருவியால் சரிசெய்ய முடியும். கண் மதிப்பால் சரிசெய்ய முடியாது.

டிஎஸ்எல்ஆரில் (உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி உள்ள கேமரா) இன்னொரு கண்ணியும் உண்டு. கண்ணாடி கீழிறங்கி உட்காரும் சிறு முளையைத் திருகினால் ஆட்டோ ஃபோகஸ் மாறும். “ஃபோகஸ் பின்னால போகுது” என்றதும் அதைத் திருகிவிடுபவர்கள் உண்டு. நடுப்புள்ளி சரியாவது போல இருக்கும், ஓரப் புள்ளிகள் எல்லாம் கெட்டுப்போகும். கம்பெனி இதைக் குறித்த தூரத்தில் வைத்த அட்டை, அளவு தெரிந்த மூல லென்ஸ், மென்பொருள் ஆகிய மூன்றையும் கொண்டு எண்ணாகத் திருத்துகிறது. அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸில் ஃபோகஸைச் சென்சாரே அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை. புதுப்பித்த மிரர்லெஸ் வாங்குவது புதுப்பித்த டிஎஸ்எல்ஆரைவிடப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் திறக்கவே வேண்டாம். உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும்.

உதிரிபாகம் வாங்கிக் கொடுத்தால் வெளியில் மாற்றலாமே?

கிடைத்தால் மாற்றலாம். நிக்கான் 2012இல் அமெரிக்காவில் வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகம் விற்பதை நிறுத்தியது. 2020இல் அங்கே அங்கீகாரம் பெற்ற பட்டறைத் திட்டத்தையும் முடித்துக்கொண்டது. வெளியில் கிடைக்கும் பாகம் வேறொரு கெட்ட கேமராவிலிருந்து கழற்றியதாக இருக்கக்கூடும். கழற்றிய ஷட்டர் எத்தனை கிளிக் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

லென்ஸையும் புதுப்பிக்கிறார்களா?

ஆம். ஆனால் தனிக் கண்ணாடியாக மாற்றுவது அரிது, தொகுதியாகவே மாற்றுவார்கள். பிறகு அச்சு நேராக இருக்கிறதா என்று ஒளிக்கருவியில் பார்ப்பார்கள்.

கல்யாண வேலையில் அதிகம் உழைக்கும் லென்ஸ் கேனான் 24-105 எஃப் 4. அதன் முதல் பதிப்பில், ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சருக்குப் போகும் நெகிழ்பட்டைக் கம்பி, ஜூம் செய்யச் செய்ய மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளே அறுந்துவிடும். அகலத் திறப்பில் படம் விழும், எஃப் 8 வைத்தால் ‘எர்ர் 01’ என்ற பிழைக் குறி வரும். விற்பவர் எஃப் 4இல் மட்டும் எடுத்துக் காட்டினால் குறை தெரியாது. 24, 50, 105 மூன்றிலும் எஃப் 8, எஃப் 16 வைத்து அழுத்திப் பாருங்கள்.

எதைக் கம்பெனி புதுப்பிக்காமல் ஒதுக்கிவிடும்?

கடல்நீர் புகுந்தது. உள்ளே பூஞ்சை பரவிய லென்ஸ். லேசர் பட்ட சென்சார் உள்ளதையும் செலவு கட்டுப்படியாகாமல் ஒதுக்கலாம், ஏனென்றால் சென்சார் தொகுதியையே மாற்ற வேண்டும். கோயில் கொடை, ரிசப்ஷன் மேடை, ஊர்வலம் எல்லாவற்றிலும் லேசர் விளக்கு சுழலும் காலம் இது. ஒரு நொடி நேராகப் பட்டாலே சென்சாரில் வண்ணக் கோடோ புள்ளியோ நிரந்தரமாக விழுந்துவிடலாம். தனியாரிடம் பாடி வாங்கும்போது கறுப்பு மூடி போட்டு ஒரு படம், வெள்ளைச் சுவரை ஒரு படம், பத்து நொடி வீடியோ என எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் ஓடிய எண்ணிக்கை) எவ்வளவு இருந்தால் வாங்கலாம்?

கம்பெனிகள் அறிவித்த சோதனை அளவுகள் இவை: கேனான் 6டிக்கு 1,00,000, கேனான் 5டி மார்க் 4க்கு 1,50,000, நிக்கான் டி750க்கு 1,50,000, நிக்கான் டி850க்கு 2,00,000, சோனி ஏ7 மார்க் 3க்கு 2,00,000. அந்த எண் வந்ததும் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருள் இல்லை, தாண்டியும் ஓடும், அதற்கு முன்னும் போகும். அந்த அளவில் பாதிக்குக் கீழ் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக், வருடத்துக்கு 40 கல்யாணம் என்று வைத்தால் 1,20,000 ஆகிறது. உங்கள் வேலைக்கு அந்தக் கேமரா எத்தனை சீசன் தாங்கும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எண்ணைத் தெரிந்துகொள்ளும் வழி பிராண்டுக்குப் பிராண்டு மாறும். நிக்கானில் அசல் ஜேபெக் கோப்பிலேயே பதிந்திருக்கும், சோனியிலும் அசல் கோப்பிலிருந்து எடுக்கலாம். கேனானில் பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் இருக்காது. கேமராவை யூஎஸ்பியில் இணைத்து மென்பொருளால் படிக்க வேண்டும், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும்.

விற்பவரிடம் மாதிரிப் படம் கேட்டால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புவார். அதில் இந்தத் தகவல் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அன்றைக்கே எடுத்த படமாக இருக்கட்டும்.

கோப்பின் பெயரில் 0456 என்று இருப்பதைக் காட்டி “456 கிளிக்தான்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த எண் 9999 ஆனதும் மறுபடி 0001இல் தொடங்கும், கார்டு மாற்றினாலும் அமைப்பைப் பொறுத்து மாறும்.

கவுண்ட் குறைவாகக் காட்டினால் கேமரா புதிது மாதிரிதானே?

இல்லை. தாய்ப் பலகையை மாற்றினால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை பல மாடல்களில் கணக்கில் ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வீடியோ. நான்கு மணி நேர முகூர்த்தத்தை வீடியோவாகப் பிடித்த பாடியில் ஷட்டர் நாலைந்து முறைதான் ஓடியிருக்கும். ஆனால் சென்சாரும் பலகையும் நான்கு மணி நேரம் கொதித்திருக்கும்.

வீடியோவில் உழைத்த பாடியைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று எச்டிஎம்ஐ துளை. மண்டபத்தில் எல்இடி திரைக்கு லைவ் கொடுக்கும்போது கேபிள் நாள் முழுக்கத் தொங்கி அதை ஆட்டிவிடும். கேபிளைச் செருகி மெல்ல அசைத்துத் திரையில் படம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, லைட்டும் மைக்கும் மாட்டும் ஹாட் ஷூ. தகடு ஆடினாலும் பெயிண்ட் பளபளவென்று தேய்ந்திருந்தாலும் வீடியோ வேலை பார்த்த பாடிதான். மூன்றாவது, அடியில் உள்ள ட்ரைபாட் மரை. கிம்பல் (நடுக்கம் தடுக்கும் தாங்கி) தகடு ஏறி இறங்கிய தடம் அங்கே வட்டமாக இருக்கும்.

கம்பெனி புதுப்பித்தது என்பதை எப்படி அறிவது?

பெட்டி சாதாரணமாக, படம் இல்லாமல் இருக்கும். பில்லிலும் வாரண்டித் தாளிலும் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற சொல் இருக்கும். சில கம்பெனிகள் வரிசை எண்ணுக்கு அருகில் சிறு அடையாளம் இடுவதும் உண்டு. பாடியில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்த படத்துக்குள் பதிந்த எண்ணும் அதேதானா என்று நிக்கானிலும் கேனானிலும் பார்க்கலாம். பாடி எண்ணும் படத்திலுள்ள எண்ணும் வேறாக இருந்தால் மேல்மூடியோ அடித்தகடோ வேறு கேமராவிலிருந்து வந்திருக்கலாம், தாய்ப் பலகையை மாற்றியும் இருக்கலாம்.

பெயர் கெட்ட மாடல்கள் என்று ஏதாவது உண்டா?

நன்றாகத் தெரிந்தது நிக்கான் டி600. 2012இல் வந்தது. படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி புள்ளியாக அழுக்கு விழுந்தது. துடைத்தாலும் சில ஆயிரம் கிளிக்கில் திரும்ப வந்தது. 2014 பிப்ரவரியில் நிக்கான், வாரண்டி முடிந்தவற்றுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆகவே இன்று ஒரு டி600 கைக்கு வந்தால் கவுண்ட்டைவிட, ஷட்டர் மாற்றிய சர்வீஸ் தாள் இருக்கிறதா என்பதே கேள்வி. டி750க்கும் 2015 ஜூலையில் ஷட்டர் பற்றி அறிவிப்பு வந்தது, பிறகு மேலும் பல தொகுதிகளுக்கு அதை விரிவாக்கினார்கள். சரிசெய்த கேமராக்கள் நன்றாகவே உழைக்கின்றன. அஞ்ச வேண்டியது சரிசெய்யாமலே பல கை மாறியவற்றுக்குத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வாங்கி வந்தால் மலிவுதானே?

கேனானும் நிக்கானும் அமெரிக்காவில் தங்கள் சொந்த இணையக் கடையிலேயே புதுப்பித்தவற்றை விற்கின்றன, விலையும் நன்றாகக் குறையும். ஆனால் அந்த வாரண்டி பொதுவாக அந்த நாட்டுக்குத்தான். இங்கே கோளாறு வந்தால் காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், அல்லது அடுத்த முறை அவர் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதிக்கு நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி அனுமதி வேண்டும், சுங்கத்தில் சிக்கினால் மீட்பது கடினம். நேரில் கொண்டுவந்தாலும் விலக்கு அளவைத் தாண்டிய மதிப்புக்கு வரி உண்டு, பில் கையில் இருக்கட்டும்.

ஜப்பானிலிருந்து வரும் சோனி என்றால் முதலில் மெனு மொழியைக் கேளுங்கள். அந்நாட்டுக்கென்று தயாரித்தவற்றில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். இன்னொன்று, இந்தக் கேமராக்கள் வீடியோவில் நொடிக்கு 30, 60 ஃபிரேம் என்ற அமைப்பில் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டில் 1/60 வைத்தால் வீடியோவில் பட்டை ஓடும். மெனுவில் ‘பால்’ (PAL) முறைக்கு மாற்றி 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தால் லாபம்?

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதில் வேறு வேறு கணக்குப் போட வேண்டும். புது கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பில் 1,18,000 ரூபாய் என்றால் அதில் 18,000 வரி. நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் ஸ்டுடியோ என்றால் அந்த 18,000ஐ நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது 1,00,000 ரூபாய் கேமரா. பழைய பொருள் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்றால், பில்லில் வரி தனியாக வராது, கழிக்க வழியில்லை. அப்போது 1,00,000 ரூபாய்க்குப் புதுப்பித்தது வாங்கினால் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை, வாரண்டிதான் குறையும். பதிவு இல்லாதவருக்கு அதே கேமராவில் 18,000 மிச்சம். ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கைக்கு வந்த அன்றே என்ன சோதிக்க வேண்டும்?

பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே செல்போனில் வீடியோ எடுங்கள், வரிசை எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

சென்சார் அழுக்குக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஃபோகஸைக் கையால் மசங்க வைத்து, மேகமில்லாத வானத்தை எடுங்கள். நெல்லையில் மாசி, பங்குனி வானம் இதற்கு நல்ல திரை. புள்ளி தெரிந்தால் முதலில் ரப்பர் பல்பால் காற்று அடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் துளி ஒட்டினால் வேலை இரட்டிப்பாகும். அதிலும் போகாவிட்டால் ஈரத் துடைப்பான். ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகலம், இரண்டு துளிக்கு மேல் திரவம் வேண்டாம்.

ஷட்டருக்கு: அதே வானத்தை 1/4000இல் எடுத்து நான்கு ஓரமும் ஒரே வெளிச்சமா என்று பாருங்கள். பிறகு தொடர்ச்சியாக 100 கிளிக். ஓசை நடுவில் மாறக் கூடாது. கேனானில் ‘எர்ர் 20’, ‘எர்ர் 30’ வந்தால் ஷட்டரோ கண்ணாடி இயக்கமோ தடுமாறுகிறது, அன்றே திருப்புங்கள். நிக்கானில் ‘எஃப்ஈஈ’ என்று வந்தால் பதற வேண்டாம். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸில் வளையத்தை மிகச் சிறிய திறப்புக்குத் திருப்பிப் பூட்டினால் போய்விடும்.

சென்சார் சாய்வுக்கு: செங்கல் சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் நிறுத்தி, லென்ஸை முழுதாகத் திறந்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மசங்கினால் கேமராவை ட்ரைபாடில் தலைகீழாக மாட்டி மறுபடி எடுங்கள். படத்தின் அதே மூலை மசங்கினால் சுவர் காரணம் இல்லை. லென்ஸை மாற்றிய பிறகும் அதே மூலை என்றால் பாடி, இல்லையென்றால் லென்ஸ்.

அணைத்த கேமராவை ஆட்டினால் உள்ளே லொடலொடவென்று சத்தம் வருகிறதே என்று பலர் பயந்து திருப்பிவிடுகிறார்கள். உள்ளே நடுக்கம் தடுக்கும் அமைப்பு உள்ள மிரர்லெஸ் பாடிகளில் சென்சார் மிதந்து நிற்பதால் வரும் சத்தம் அது, குறை அல்ல. ஆன் செய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் குறை.

இரண்டு கார்டுத் துளை, எல்லாப் பொத்தான், வைஃபை, மைக் துளை, 30 நிமிட வீடியோ. திருப்பித் தரும் கெடு முடியும் முன் ஒரு முழுநாள் வேலையில் இரண்டாவது பாடியாகப் பயன்படுத்துங்கள். சூடேறினால் மட்டும் வரும் குறைகள் மேசையில் தெரியாது.

நெல்லையிலிருந்து சர்வீஸுக்கு எப்படி அனுப்புவது?

பேட்டரி, கார்டு, பட்டை, கண்ணாடி ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு பாடியை மட்டும் மூடியோடு அனுப்புங்கள். லித்தியம் பேட்டரியை விமானச் சரக்கில் பல கூரியர்கள் மறுப்பார்கள். பெட்டிக்குள் பெட்டியாக, சுற்றிலும் 5 செ.மீ. மெத்தை வையுங்கள். குறையைத் தாளில் எழுதும்போது “சரியில்லை” என்று எழுதாமல், “105இல் எஃப் 8 வைத்தால் எர்ர் 01, பத்தில் ஏழு முறை” என்று எழுதி, மாதிரிப் படத்தைப் பென்டிரைவில் சேர்த்து அனுப்புங்கள். சும்மா சரியில்லை என்று போனால் அங்கே இரண்டு கிளிக் எடுத்துப் பார்த்துவிட்டு, குறை தெரியவில்லை என்று திருப்பிவிடுவார்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் புதுப்பித்த கேமரா தாங்குமா?

புதிதைப் போலவே தாங்கும், ஆனால் ஊரை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நகரத்தில் வருடத்தின் பெரும்பகுதி வறட்சிதான். பாபநாசம், மாஞ்சோலை, ஊத்து, குற்றாலச் சாரல் என்று மேற்கே போனாலும், ஐப்பசி கார்த்திகையில் எங்கே இருந்தாலும், காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டும், பூஞ்சை முளைக்கும். லென்ஸ் கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கேமராப் பையில் மாதக்கணக்காக மூடி வைப்பதே பெரிய தவறு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஈரமானி, சிலிக்கா ஜெல், இவ்வளவு போதும். ஈரமானி 40 முதல் 50 சதவீதம் வரை நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி போடுங்கள்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கத் தேரிக்காட்டில் செம்மண் மாவு போல நைசாகப் பறக்கும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது, இரண்டு பாடி வைத்துக்கொள்வதே சரி. உவரி, கூட்டப்புளிக் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றிரவே பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் திருகும் பேட்டரி முனையும் பச்சை பூத்துவிடும்.

கூந்தன்குளத்தில் பூநாரை எடுக்கப் போகிறவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. மார்கழி, தை விடியலில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் வேர்க்கும். அப்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சாருக்கு ஏறும். பையிலேயே பத்து இருபது நிமிடம் வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள்.

அருவியில் விழுந்துவிட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி, கார்டைக் கழற்றி, கதவுகளைத் திறந்து, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்து அப்படியே சர்வீஸுக்கு அனுப்புங்கள். அரிசியில் புதைத்தால் தவிட்டுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

விற்றவர் மாற்றித் தர மறுத்தால்?

பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி பிரித்த வீடியோ, சோதனைப் படங்கள் நான்கையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் ஆகாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் கைமாற்றாக வாங்கியிருந்தால் நிரூபிப்பது கடினம். நூறு இருநூறு குறைகிறது என்று பில்லை விட்டுவிடாதீர்கள்.

என் பழைய பாடியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

இரண்டு கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மெனுவில் முழு ரீசெட் கொடுங்கள். வைஃபை, செல்போன் இணைப்பு, கேமராவில் பதிந்த உங்கள் பெயர், படங்களை இணைய வழியில் அனுப்பும் எஃப்டிபி கடவுச்சொல் ஆகியவை சில மாடல்களில் சாதாரண ரீசெட்டில் போகாது, தனித்தனியாக அழிக்க வேண்டும். வரிசை எண்ணை எழுதி, யாரிடம் என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் தாள்கள் இருந்தால் அவற்றையும் கேமராவோடு கொடுத்துவிடுங்கள், அடுத்து வாங்குபவருக்கு அது உதவும்.